மூளைக்குள் ஒரு வாயு: நைட்ரிக் ஒக்சைட் பற்றி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முந்தி வரைக்கும் நைட்ரிக் ஒக்சைட் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. இப்போது கிழமைக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஒருவர் கையில் கனடாவில் இருந்து மகள் அனுப்பிய டப்பா இருக்கும். இன்னொருவர் போனில் வந்த வீடியோவைக் காட்டுவார். பின்னால் ஐந்து பேர் துண்டோடு நிற்கும்போது இதையெல்லாம் விளங்கப்படுத்த முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, ஆறுதலாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நைதரசன் ஓரொட்சைட்டு என்று வருவதும் இதுதான். டப்பாவில் உள்ளபடி நைட்ரிக் ஒக்சைட் என்றே எழுதுகிறேன்.

"பிள்ளை, இது என்ன சாமான்? வாகனப் புகையில வாறது எண்டெல்லோ மகன் சொல்லுறான்?"

மகன் சொல்வது சரி. ஒரு நைதரசன் அணு, ஒரு ஒட்சிசன் அணு, அவ்வளவுதான். என்ஜின் சூட்டில் காற்றில் உள்ள இரண்டும் சேர்ந்து இது உண்டாகும். மின்னல் வெட்டும்போதும் உண்டாகும். இதே வாயுவை உடம்பும் தனக்கு வேண்டிய இடத்தில் மிகச் சிறிய அளவில் செய்துகொள்கிறது. சில விநாடிகளில் அது இல்லாமல் போய்விடும்.

இதில் ஒரு இலத்திரன் சோடி சேராமல் தனியாக நிற்கிறது. அதனால்தான் இது சும்மா கிடக்காது, பக்கத்தில் கிடைப்பதோடு போய் ஒட்டும். இந்தத் தனி இலத்திரனை ஞாபகம் வைத்திருங்கள், "நல்லதோ கெட்டதோ" என்ற கேள்விக்கு அது தேவைப்படும்.

"சிரிப்பு வாயு எண்டுறது இதைத்தானோ அக்கா?"

இல்லை. அது நைட்ரஸ் ஒக்சைட்: இரண்டு நைதரசன், ஒரு ஒட்சிசன். நோவைக் குறைக்கவும் மயக்கம் கொடுக்கவும் வெளியில் இருந்து சுவாசிக்கக் கொடுப்பது. விளையாட்டாக அதை அடிக்கடி இழுப்பவர்களுக்கு விற்றமின் பி12 வேலை செய்யாமல் போய், முள்ளந்தண்டு வடமே பழுதாகலாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் வந்த குழப்பம் இது.

"அப்ப மூளைக்குள்ள இத ஆர் செய்யிறது? மூச்சில இழுக்கிறமோ?"

மூச்சில் இழுப்பது இல்லை. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தையும் ஒட்சிசனையும் எடுத்து ஒரு நொதியம் இதைச் செய்கிறது. மிஞ்சுவது சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலம். வத்தகைப்பழத்தில் இருந்து முதலில் பிரித்தெடுத்ததால், வத்தகையின் இலத்தீன் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

நொதியம் மூன்று வகை. ஒன்று நரம்புக்கலத்தில் இருக்கிறது, மற்றது குருதிக்குழாயின் உட்சுவரில். இந்த இரண்டும் எப்போதும் அங்கேயே இருப்பவை. கலத்துக்குள் கல்சியம் ஏறினால் வேலை செய்யும், இறங்கினால் நிற்கும். பைப்பைத் திறந்து பூட்டுகிற மாதிரி. மூன்றாவது வகை, தொற்றோ காயமோ அழற்சியோ வந்த பிறகுதான் உண்டாகும். அதற்குப் பூட்டுகிற கைபிடி இல்லை. தொடங்கினால் மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் கொட்டும். இனி இவற்றை நரம்பு நொதியம், குழாய் நொதியம், அழற்சி நொதியம் என்றே சொல்கிறேன். பின்னால் வரும் பதில்களில் பாதி இந்த மூன்றில் எது என்பதில்தான் தங்கியிருக்கிறது.

"சரி, மூளையில இதுக்கு என்னதான் வேலை?"

முதல் வேலை தண்ணீர் பாய்ச்சுவது. உடம்பின் எடையில் மூளை ஏறத்தாழ 2 வீதம்தான், ஆனால் ஒட்சிசனில் 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேர்த்து வைக்கவும் அதற்கு இடமில்லை. அதனால் எந்தப் பகுதி இப்போது வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்குக் குருதி உடனே கூடவேண்டும். தோட்டத்துக்கு இறைக்கும்போது எந்தப் பாத்திக்குப் போகவேண்டுமோ அந்தப் பாத்தி வரம்பை வெட்டிவிடுவோமே, அதுபோல. வேலை செய்யும் நரம்புக்கலங்கள் நைட்ரிக் ஒக்சைட்டை விட, பக்கத்துச் சிறு குழாயின் தசை தளர்ந்து வழி அகலும். குழாய்ச் சுவரும் தன் பங்குக்கு விடும். வேறு சில இரசாயனங்களும் இதில் கைகொடுக்கின்றன, ஆனால் இது முக்கியமான ஒன்று. யோசிக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று நிறம் போட்டுக் காட்டும் எம்ஆர்ஐ படங்கள் உண்மையில் காட்டுவது இந்தக் குருதிப் பாய்ச்சலைத்தான்.

இரண்டாவது வேலை செய்தி சொல்வது. இது வேறு எந்த நரம்புச் செய்தியையும் போல இல்லை. வழக்கமாக ஒரு கலம் தன் இரசாயனத்தைச் சின்னப் பைகளில் கட்டி வைத்திருந்து, நுனியில் திறந்துவிடும். அடுத்த கலம் அதற்கென்று உள்ள ஏற்பியால் பிடிக்கும். நைட்ரிக் ஒக்சைட்டைப் பையில் கட்ட முடியாது, வாயு அல்லவா. கலச் சுவர் அதற்குத் தடையும் இல்லை. அடுப்படியில் கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரிகிற மாதிரி, சுற்றியுள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். போன இடத்தில் ஒரு நொதியத்தில் உள்ள இரும்போடு ஒட்டி, சைக்கிளிக் ஜிஎம்பி என்ற இரசாயனத்தைக் கூட்டும். மிச்ச வேலையை அது பார்க்கும். மூளைக் கலங்கள் இப்படி ஒன்றை விடுகின்றன என்று 1988 இல் ஜோன் கார்த்வெய்ற்றும் கூட இருந்தவர்களும் எலியின் சிறுமூளைக் கலங்களில் காட்டினார்கள். வாயு ஒன்று நரம்புச் செய்தி கொண்டுபோகும் என்பதை அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஞாபகத்திலும் இதற்குப் பங்கு உண்டு. செய்தியை வாங்கிய கலம் நைட்ரிக் ஒக்சைட்டைத் திருப்பி அனுப்பி, கொடுத்த கலத்திடம் "இந்த வழியை இன்னும் பலமாக்கு" என்று சொல்வதாக விலங்குகளின் மூளைத் துண்டங்களில் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு விசித்திரம்: நரம்பு நொதியம் இல்லாமல் வளர்த்த ஆண் சுண்டெலிகள் கூட்டில் மற்ற எலிகளை விடாமல் கடித்துச் சண்டை பிடித்தன. 1995 இல் வந்த ஆய்வு. இதைச் சொன்னால் கடையில் எல்லாருக்கும் தங்கள் வீட்டில் ஒருவர் ஞாபகம் வருகிறது.

"இந்த நெஞ்சுநோக் குளிசைய நாக்குக்குக் கீழ வைச்சா தலை ஏன் இப்பிடி இடிக்குது? மூளைக்கு ஏதும் பழுதோ?"

பழுது இல்லை. அந்தக் குளிசை, கிளிசரைல் ட்ரைநைட்ரேற், உடம்புக்குள் போய் நைட்ரிக் ஒக்சைட்டாகத்தான் வேலை செய்கிறது. இருதயக் குழாயை விரிக்கிற அதே நேரம் தலையில் உள்ள குழாய்களையும் விரிக்கும், அதுதான் இடி. ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கு இது அதையே கிளப்பிவிடலாம். தலையிடியை ஆராய்பவர்கள் பரிசோதனைக்காக வேண்டுமென்றே ஒற்றைத் தலையிடியை வரவழைக்க இந்த மருந்தைத்தான் ஏற்றுகிறார்கள். டைனமைற் தொழிற்சாலைகளில் ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்குத் தலையிடி வந்ததும் இதனாலேயே. டைனமைற்றில் இருப்பதும் இதே இரசாயனம்.

1867 இல் டைனமைற்றுக்கு உரிமம் எடுத்த அல்பிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுநோ வந்து, வைத்தியர்கள் இதே மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். விதியின் விளையாட்டைப் பார் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1896 டிசம்பரில் மூளையில் குருதி கசிந்து இறந்தார். அந்த மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று விளங்க இன்னும் 80 வருடம் பிடித்தது. நைட்ரிக் ஒக்சைட் உடம்பில் செய்தி கொண்டுபோகிறது என்று கண்டுபிடித்ததற்கு 1998 இல் ஃபர்ச்கொற், இக்னாரோ, முராட் மூவருக்கும் கொடுத்தது நோபலின் பெயரில் உள்ள பரிசேதான்.

இடையில் ஒரு மருந்துக்கடைக்காரியின் குறை. இந்தக் குளிசையை மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில் தருவது அழகுக்கு இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைச் சின்னப் பிளாஸ்ரிக் பையில் மாற்றி, வெயிலில் சைக்கிள் ஓடும்போதெல்லாம் சேர்ட்டுப் பையில் வைத்திருந்தார். "இப்ப தலையிடிக்கிறேல்லை, பழகிப் போச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். பழகவில்லை. மருந்து பறந்துவிட்டது.

"ஒரு வீடியோவில நல்லது எண்டுறாங்கள், இன்னொண்டில மூளையக் கொல்லும் எண்டுறாங்கள். நல்லதோ கெட்டதோ, ஒரு சொல்லில சொல்லுங்கோ."

ஒரு சொல்லில் முடியாது. கலங்கள் ஒட்சிசனை எரிக்கும்போது சுப்பரொக்சைட் என்று ஒன்று கசியும். அதற்கும் ஒரு இலத்திரன் தனியாக நிற்கிறது. முதல் கேள்வியில் சொன்ன தனி இலத்திரனும் இந்தத் தனி இலத்திரனும் சந்தித்தால் நொடியில் சோடி சேர்ந்துவிடும். அப்படி உண்டாகும் பெரொக்சிநைட்ரைற் புரதம், கொழுப்பு, டிஎன்ஏ என்று பாராமல் எல்லாவற்றையும் சிதைக்கும். சுப்பரொக்சைட்டைத் துடைப்பதற்கென்றே உடம்பில் ஒரு நொதியம் உண்டு. நைட்ரிக் ஒக்சைட் கூடிப்போனால் அந்த நொதியத்தையும் முந்திக்கொண்டு போய் ஒட்டும்.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று உடனே சொல்லிவிடுவோம். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. குழாய்ச் சுவரில் நல்லது செய்யும் ஒன்று, ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும் நரம்புக்கலத்துக்குள் உண்டானால் கெடுக்கும். அளவு மட்டும் கணக்கில்லை. எங்கே உண்டாகிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் கணக்கு.

"பாரிசவாதம் வந்தா இது காப்பாத்துமோ, கொல்லுமோ?"

இரண்டும். குழாய் அடைத்து மூளையில் ஒரு பகுதிக்குக் குருதி நின்றால், அங்குள்ள கலங்கள் குளுட்டமேற் என்ற நரம்புச் செய்தி இரசாயனத்தைக் கொட்டிவிடும். அது பக்கத்துக் கலங்களில் கல்சியக் கதவுகளைத் திறந்துவிடும். கல்சியம் ஏறினால் நரம்பு நொதியம் வேலை செய்யும் என்று மேலே சொன்னேன். இங்கே அது கட்டில்லாமல் ஓடும், பெரொக்சிநைட்ரைற் உண்டாகும். சில மணித்தியாலம் கழித்து அழற்சி நொதியமும் வந்து சேரும். அதே நேரம் குழாய் நொதியம் பக்கத்து வழிகளை விரித்து, சாகாமல் ஊசலாடும் பகுதிக்குக் குருதி கொண்டுபோகப் பார்க்கும்.

இதைச் சுண்டெலிகளில் வடிவாகக் காட்டினார்கள். நரம்பு நொதியம் இல்லாத எலிகளில் பாரிசவாதத்தின் சேதம் குறைவு (1994). குழாய் நொதியம் இல்லாத எலிகளில் சேதம் அதிகம் (1996). அப்படியென்றால் குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பார்த்தார்கள். பாரிசவாதம் வந்த 4,011 பேரில் கிளிசரைல் ட்ரைநைட்ரேற் பிளாஸ்ரரை ஒரு பகுதியினருக்கு ஒட்டிப் பார்த்த ஆய்வு 2015 இல் வந்தது. பிரஷர் இறங்கியது, ஆட்கள் எழுந்து நடப்பதில் முன்னேற்றம் இல்லை. பிந்தி ஒட்டியதுதான் பிழையோ என்று, பிரித்தானியாவில் அம்புலன்சிலேயே வைத்து 1,149 பேரில் பார்த்த ஆய்வு 2019 இல் வந்தது. அதிலும் பலன் இல்லை. எலிக்குக் கேட்டது மனிதருக்குக் கேட்காத கதை பாரிசவாத ஆராய்ச்சியில் நிறைய.

மூளையைச் சுற்றிக் குருதி கசியும் வகையில் வேறொரு சிக்கல். வெளியே கொட்டிய ஈமோகுளோபின் நைட்ரிக் ஒக்சைட்டை உறிஞ்சிவிடும். சில நாளில் பக்கத்துக் குழாய்கள் இறுகிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டு போகுது. நைட்ரிக் ஒக்சைட் குறைஞ்சதாலையோ அக்கா?"

ஒன்றால்தான் என்று சொல்ல முடியாது. வயது, பிரஷர், சீனி வருத்தம், புகைத்தல் எல்லாம் குழாய் நொதியத்தைப் பலவீனப்படுத்தும். மூளைக்குப் போகும் சிறு குழாய்கள் விறைத்துப்போகும். அது மறதிக்கு ஒரு வழி. அல்சைமரில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சேரும் புரதக் கழிவைச் சுற்றி மூளையின் காவல் கலங்கள் கூடி அழற்சி நொதியத்தை இறக்குகின்றன. ஆக ஒரே மூளையில் குழாயில் குறைவு, கழிவுக்குப் பக்கத்தில் மிகை. "கூட்டும் மருந்து" என்று ஒன்றைக் கொடுத்தால் எந்த இடத்தில் கூடும் என்று நினைக்கிறீர்கள்?

பார்க்கின்சன் நடுக்கத்திலும் மிகையின் தடயம் கிடைத்திருக்கிறது. நோயாளிகளின் மூளையில் தேங்கும் அல்பா-சைனியூக்கிளின் புரதத்தில் பெரொக்சிநைட்ரைற் விட்டுப்போகும் மாதிரியான அடையாளம் உண்டு என்று 2000 இல் காட்டினார்கள். பழுதான புரதங்களை அகற்ற உதவும் பார்க்கின் என்ற புரதத்தில் நைட்ரிக் ஒக்சைட் போய் ஒட்டி அதன் வேலையைக் கெடுப்பதாக 2004 இல் வந்தது. நோயைத் தொடக்கியது இதுதானா, நோய் வந்த பிறகு உண்டானதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது செய்யக்கூடியது: கிளினிக் கொப்பியை எடுத்துப் பிரஷர், சீனி எப்படி என்று பாருங்கள். தைரொயிட், பி12 குறைபாடு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்தும் உண்டு. வைத்தியரிடம் கேட்காமல் வயசு என்று விட்டுவிட வேண்டாம்.

"பீற்றூட், கீரை சாப்பிட்டா இது கூடுமாமே? வல்லாரை மூளைக்கு நல்லதெண்டு அம்மம்மா சொன்னதும் இதுக்குத்தானோ?"

கீரையிலும் பீற்றூட்டிலும் நைட்ரேற் அதிகம். சாப்பிட்ட நைட்ரேற்றில் ஏறத்தாழக் காற்பங்கு குருதிக்குள் போய், திரும்ப எச்சிலில் வந்து சேரும். நாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் பக்ரீரியாக்கள் அதை நைட்ரைற் ஆக்கும். அதை விழுங்கினால் இரைப்பை அமிலத்திலும் பின்னர் குருதியிலும் ஒரு பகுதி நைட்ரிக் ஒக்சைட் ஆகும். மேலே சொன்ன நொதியங்கள் ஒன்றும் இதற்குத் தேவையில்லை. பீற்றூட் சாறு பிரஷரைக் கொஞ்சம் இறக்கும் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. மூளை என்று வந்தால் சாட்சி சிறிது. வயதானவர்களுக்கு நைட்ரேற் கூடிய சாப்பாடு கொடுத்து, மூளையின் முன்பகுதியில் உள்ள வெண்பொருளில் குருதி கூடியதை வேக் ஃபொறெஸ்ற் பல்கலைக்கழகத்தினர் 2011 இல் காட்டினார்கள். பார்த்த ஆட்கள் மிகக் கொஞ்சம். மொத்த மூளைக்கும் பார்த்தால் மாற்றம் இல்லை. ஞாபகசக்தி கூடியது என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

அம்மம்மா வல்லாரையைச் சொன்னது வேறு கணக்கு. அதன் புகழுக்குக் காரணமாகச் சொல்வது நைட்ரேற்றை இல்லை, ஆசியற்றிக்கோசைட் போன்ற வேறு பொருட்களை. ஆனால் சம்பல் என்பது நல்ல முறை. நைட்ரேற் தண்ணீரில் கரையும், கீரையை அவித்து வடித்த தண்ணீரை வாழைக்கு ஊற்றினால் பாதி வாழைக்குத்தான். கடைவதென்றால் கொஞ்சத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரோடேயே கடையுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் வார்ஃபரின் (குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து) குடிப்பவர்களும் கீரையைத் திடீரென்று கூட்ட முதல் வைத்தியரிடம் கேட்கவேண்டும்.

"எங்கட கிணத்துத் தண்ணியில நைட்ரேற் கூட எண்டு எழுதித் தந்திட்டாங்கள். அப்ப பீற்றூட்டுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்ன?"

இதைக் கேட்டவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. வலிகாமத்தின் செம்மண் தோட்டப் பக்கம் பல கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நைட்ரேற் இருக்கிறது. யூரியா, எரு, கிணற்றுக்குக் கிட்ட உள்ள மலசலகூடக் குழி எல்லாம் காரணம். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், விட்டதெல்லாம் நேரே இறங்கிவிடும்.

நைட்ரேற் மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான். கீரையில் அதோடு விற்றமின் சீயும் வேறு பொருட்களும் சேர்ந்து வருவதால், வயிற்றில் அது புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமீன்களாக மாறுவது குறைகிறது. தண்ணீரில் அந்தத் துணை இல்லை. முக்கியமான ஆபத்து கைக்குழந்தைக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அப்படியான தண்ணீரில் பால்மா கரைத்தால், நைட்ரைற் குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்கிவிடும். பிள்ளை நீலம் பாரிக்கும், மூளைக்கு ஒட்சிசன் போகாது. கொதிக்க வைத்தால் நைட்ரேற் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இதைத் தெரியாமல் "நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறன்" என்று சொல்லும் தாய்மாரைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை.

"வாய் கொப்புளிக்கிற மருந்து இதக் கெடுக்குமெண்டு சொல்லுறது உண்மையோ?"

உண்மை. கீரைப் பதிலில் சொன்ன நாக்குப் பக்ரீரியாக்களை அது கொன்றுவிடும். குளோர்ஹெக்சிடின் போட்டு ஒரு கிழமை கொப்புளித்தவர்களுக்குப் பிரஷர் 2, 3 புள்ளி ஏறியதாக 2013 இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. முரசுக்குப் பல் வைத்தியர் எழுதித் தந்தால் தந்த நாளுக்குப் பாவியுங்கள். வாசத்துக்காக வருடக்கணக்கில் வேண்டாம்.

"ம்ம்ம் எண்டு மூக்கால இழுத்து மூச்சுப் பயிற்சி செய்தா நைட்ரிக் ஒக்சைட் 15 மடங்கு கூடி மூளைக்குப் போகுமாம். கோயில்ல ஒருத்தர் சொன்னவர்."

15 மடங்கு என்பது கட்டுக்கதை இல்லை. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் இந்த வாயு நிறைய உண்டாகிறது. வாயை மூடி முனகும்போது அந்த அதிர்வில் குழிக் காற்று வெளியே வரும். மூக்குக் காற்றில் அளந்தால் 15 மடங்கு கூடுவதாக 2002 இல் சுவீடனில் கண்டார்கள்.

மூளைக்குப் போகும் என்பதுதான் பிழை. அது மூச்சோடு நுரையீரலுக்குப் போய் அங்குள்ள குழாய்களை விரிக்க உதவலாம். குருதிக்குள் இறங்கியதும் ஈமோகுளோபின் அதைப் பிடித்து முடித்துவிடும். பயிற்சியால் மனம் அமைதியானால் நல்லது, செய்யுங்கள். அதற்கு இந்த வாயு சாட்சி சொல்லத் தேவையில்லை.

"மகள் கனடாவில இருந்து அனுப்பினவ. 'நைட்ரிக் ஒக்சைட் பூஸ்டர்' எண்டு போட்டிருக்கு. எடுக்கலாமோ?"

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஆர்ஜினின், சிட்ருலின், பீற்றூட் தூள், இந்த மூன்றில் ஒன்றோ கலவையோ இருக்கும். நைட்ரிக் ஒக்சைட் சில விநாடி வாழும் வாயு, அதை யாரும் டப்பாவில் அடைக்கவில்லை. ஆர்ஜினினை விழுங்கினால் குடலும் ஈரலும் பெரும்பகுதியை உடைத்துவிடும். சுகமாக உள்ளவருக்கு நொதியத்துக்கு வேண்டிய ஆர்ஜினின் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. அடுப்பு பழுதென்றால் விறகை அடுக்கிப் பயனில்லை.

சும்மா வீண் செலவு என்று விட்டுவிடவும் முடியாது. மாரடைப்பு வந்த 153 பேரில் ஆர்ஜினினைப் பரிசோதித்த ஆய்வு 2006 இல் வந்தது. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் ஒருவரும் இல்லை. ஆய்வை இடையில் நிறுத்திவிட்டார்கள். அதனால் மாரடைப்பு வந்தவர், பிரஷர் குளிசை குடிப்பவர், நெஞ்சுநோக் குளிசை வைத்திருப்பவர் யாரும் டப்பாவைத் திறக்க முதல் வைத்தியரிடம் காட்டவேண்டும். மகளிடம் என்ன சொல்வது என்று ஒரு அம்மா கேட்டார். பழைய சைக்கிளுக்கு நல்ல சீற் ஒன்று வாங்கிப் போடக் காசு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். கால் மிதிக்க மிதிக்கக் குருதி வேகமாக உரசிக்கொண்டு ஓடும், அந்த உரசலில் குழாய் நொதியம் தானாக வேலை செய்யும்.

"ஆம்பிளையளின்ர அந்தக் குளிசை மறதிக்கும் நல்லதெண்டு பேப்பரில போட்டிருந்தது…"

(இதைக் கேட்டவர் மற்ற ஆட்கள் போகும் வரைக்கும் பற்பசை பார்ப்பதுபோல நின்றார்.) சில்டெனஃபில் (வயாகரா) நைட்ரிக் ஒக்சைட்டைக் கூட்டுவதில்லை. நைட்ரிக் ஒக்சைட் உண்டாக்கிய சைக்கிளிக் ஜிஎம்பி சீக்கிரம் உடைந்துபோகாமல் தடுக்கிறது. 2021 இல் அமெரிக்கக் காப்புறுதிப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்றில், அதை எடுத்தவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு 69 வீதம் குறைவாகத் தெரிந்தது. அடுத்த வருடம் வேறு பதிவுகளில் தேடியவர்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அதை எடுப்பவர்கள் பொதுவாகவே நடமாட்டமும் வசதியும் உள்ளவர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். மறதிக்காக எடுக்க வேண்டாம். நெஞ்சுநோக் குளிசை பாவிப்பவர் எதற்காகவும் எடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே பாதையில் வேலை செய்பவை, சேர்ந்தால் பிரஷர் விழுந்து ஆளே முடியலாம்.

"ரத்தத்தில இத அளந்து பாக்கலாமோ?"

வாயுவை அளக்க முடியாது, நிற்காது. அது விட்டுச்செல்லும் நைட்ரைற், நைட்ரேற்றை அளக்கலாம். நேற்று இரவு கீரை சாப்பிட்டிருந்தால் அதுவே ஏறித் தெரியும். மூளையில் எவ்வளவு என்று அதில் தெரியாது. எச்சிலில் தொட்டு அளக்க என்று விற்பனைக்கு வரும் பட்டிகளுக்கும் இதே கதைதான்.

"அவவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு. பக்கத்து வீட்டு ஐயாவின்ர நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை இருந்தது, குடுத்தனாங்கள். பிழையோ பிள்ளை?"

பதட்டத்தில் செய்தது. ஆனால் பிழை, இனி யாருக்கும் செய்யாதீர்கள். வாய் கோணுவது, கை விழுவது, பேச்சுக் குழறுவது அடைப்பாலும் வரும், கசிவாலும் வரும். வெளியில் நின்று பிரிக்க முடியாது, சிரி ஸ்கான் வேண்டும். அந்தக் குளிசை பிரஷரைச் சட்டென்று இறக்கும். அடைத்த குழாய்க்கு அப்பால் இருக்கும் பகுதிக்குப் பக்கத்து வழியால் கொஞ்சக் குருதியாவது தள்ளிக்கொண்டிருப்பது அந்தப் பிரஷர்தான். வைத்தியர்கள் கண்காணித்துக்கொண்டு பிளாஸ்ரராகக் கொடுத்தும் பலன் இல்லை என்று பாரிசவாதப் பதிலில் சொன்னேன். விழுங்குவதும் பழுதாகியிருக்கலாம், அதனால் வாயால் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். அஸ்பிரினும் வேண்டாம்.

1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆளைச் சரித்துப் படுக்க வையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் கண்ட நேரத்தில் தொடங்காது, ஆள் கடைசியாக நல்லாக இருந்த நேரத்தில் தொடங்கும். நித்திரையால் எழும்பும்போதே கோணியிருந்தால் இரவு படுத்த நேரம்தான் கணக்கு. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதும் அதைத்தான். ஒரு துண்டில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.